கடலோர ஊர்க் கடைத்தெருவில் மக்கள் மீண்டும் கூட: இராமநாதபுரக் கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தை அமாவாசை அன்று இராமேஸ்வரம் அக்கினி தீர்த்தக் கரையில் கால் வைக்க இடம் கிடைக்காது. அன்றைக்கு ரத வீதிப் பக்கம் ஒரு முழம் பூ வாங்கக்கூட உள்ளூர்க்காரர்கள் பலர் போகமாட்டார்கள். கூட்டம் கலையட்டும் என்பார்கள். மறுநாளும் வெளியூர் வண்டிகள்தான் நிற்கும். கீழக்கரையில் கதை வேறு. வெளிநாட்டுச் சம்பாத்தியம் வரும் வீடுகள் ஏராளம். ஆனால் பெரிய கொள்முதல் மதுரைக்கோ கைபேசி ஆர்டருக்கோ போய்விடுகிறது. தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவக்கிரகக் கற்களான நவபாஷாணத்தைக் கும்பிட்டுவிட்டு அப்படியே வேனில் ஏறிக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். மூன்று ஊருக்கும் மூன்று விதமான நோய். ஆனால் ஊர் நடுவே உட்கார்ந்து பேச, வாங்க, விளையாட உள்ளூர் மக்களுக்கென்று இடமும் நேரமும் குறைந்துகொண்டே போவது மூன்றுக்கும் பொது.

நகர நடுவங்களை உயிர்ப்பிக்கும் வேலை உலகெங்கும் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. முதலில் கட்டிவிட்டுப் பிறகு மக்களை அழைப்பது பழைய முறை. குறைந்த செலவில் ஓர் இடத்தைப் பயன்படுத்திப் பார்த்து, மக்கள் எதை ஏற்கிறார்கள் என்று தெரிந்தபின் கட்டுவது புதிய முறை. 2009-இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிராட்வே சாலையின் ஒரு பகுதியை வண்டிகளுக்கு மூடியபோது முதலில் போட்டது மலிவான தோட்டத்து நாற்காலிகளைத்தான். மக்கள் வந்து உட்கார்ந்தார்கள். நிரந்தரத் தளம் அதற்குப் பிறகுதான் வந்தது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1974 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் சாலைகளை மூடி நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விடுகிறார்கள். இன்று அது 100 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. 2013-இல் டெல்லிக்குப் பக்கத்துக் குர்கானில் இதே போல் சாலையை மக்களுக்கு விடும் ராஹ்கிரி நாள் தொடங்கியதற்கு வித்து அதுதான்.

இவற்றை அப்படியே எடுத்து வந்து இராமநாதபுரக் கரையில் நட்டால் வேர் பிடிக்காது. இங்கே ஞாயிறு என்பது எல்லோருக்கும் ஓய்வு நாள் இல்லை. காற்று, அமாவாசை, ஜும்ஆ, மீன்பிடித் தடை, ரயில் நேரம் ஆகியவைதான் இந்த ஊர்களின் கடிகாரம். அந்தக் கடிகாரத்தைப் படிக்காமல் எந்த யோசனையையும் தொடங்காதீர்கள். இந்த வழிகாட்டி முழுக்க நான் வலியுறுத்துவது அதைத்தான்.

முதல் படி: ஒரே ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள்

"ஊரையே மாற்றுவோம்" என்று கிளம்பும் குழுக்கள் மூன்றாவது கூட்டத்தோடு கலைந்துபோகின்றன. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பேசாமலே கையசைத்துக் கூப்பிடக்கூடிய அளவு தெரு போதும். அதில் நான்கைந்து வகைக் கடை, ஒரு டீக்கடை, நிழல் தரும் ஒரு மரம் அல்லது சுவர், பக்கத்தில் ஒரு குழாய் இருக்க வேண்டும். இராமநாதபுரம் அரண்மனைப் பகுதி, கீழக்கரையில் பழைய ஜும்ஆ பள்ளிவாசலை ஒட்டிய தெருக்கள், பாம்பன் கடைத்தெரு, தொண்டி பஜார் போன்ற இடங்கள் இந்தக் கணக்குக்குப் பொருந்தும்.

துண்டைத் தேர்ந்ததும் அது யாருடையது என்று பாருங்கள். இராமநாதபுரம், இராமேஸ்வரம், கீழக்கரை ஆகியவை நகராட்சிகள். மண்டபம், தொண்டி, சாயல்குடி பேரூராட்சிகள். பாம்பன், தங்கச்சிமடம், தேவிபட்டினம், ஏர்வாடி ஆகியவை பார்வைக்கு நகரம் போல இருந்தாலும் ஊராட்சிகளே. இது வெறும் பெயர் வேறுபாடு இல்லை. ஊராட்சி என்றால் உங்களுக்குக் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. அங்கே எழுதிக்கொடுத்துத் தீர்மானமாக்கலாம். நகராட்சியிலும் பேரூராட்சியிலும் உங்கள் வார்டு உறுப்பினரும் பகுதி சபையும்தான் வழி. தெரு உள்ளாட்சிக்குச் சொந்தமா, நெடுஞ்சாலைத் துறைக்குச் சொந்தமா என்பதையும் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். நெடுஞ்சாலைத் துறைச் சாலையை மாலையில் மூடுவது பெரிய காரியம். அதை ஒட்டிய சந்தில் செய்வது சுலபம்.

இரண்டாம் படி: ஊரின் நாட்காட்டியைச் சுவரில் ஒட்டுங்கள்

ஒரு பெரிய சார்ட் தாளில் பன்னிரண்டு மாதங்களையும் வரைந்து, கீழே உள்ளவற்றை ஒவ்வொரு நிறத்தில் குறியுங்கள். இந்த வேலைக்கு ஒரு முழு மாலை ஒதுக்கினாலும் தகும்.

முதலில் காற்று. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் ஆடி, ஆவணியில் தென்கரை கொந்தளிக்கும், மணல் முகத்தில் அடிக்கும், பந்தல் நிற்காது. அப்போது வடகரை அமைதியாக இருக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் இது தலைகீழ். மன்னார் வளைகுடாவை ஒட்டிய கீழக்கரைக்கும், பாக் நீரிணையை ஒட்டிய தொண்டிக்கும் ஒரே மாதத்தில் ஒரே மாதிரி நிகழ்ச்சியைத் திட்டமிடுவது தவறு என்பது இதனால்தான். இராமேஸ்வரம் தீவில் இருப்பவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. தனுஷ்கோடியில் ஒரு பக்கத்தை ஆண் கடல் என்றும் மறுபக்கத்தைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள்; எந்தக் காற்றுக்கும் ஒதுங்க ஒரு கரை இருக்கும்.

அடுத்து, மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வருமானம் வற்றும், அதே சமயம் ஆண்கள் கரையில் இருப்பார்கள், வலை பின்னுவார்கள், படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். பள்ளி விடுமுறையும் அதோடு சேர்கிறது. ஊர் மொத்தமும் ஊரில் இருக்கும் இரண்டு மாதம் ஆண்டில் இது ஒன்றுதான். மக்களிடம் பணம் வாங்கும் நிகழ்ச்சியை அப்போது வைக்காதீர்கள். மக்களுக்குப் பணம் வரும் நிகழ்ச்சிக்கு அதைவிட நல்ல காலம் கிடையாது.

ஆடி, தை, மகாளய அமாவாசைகளை இராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்றிலும் தனியாகக் குறியுங்கள். அந்த நாட்களில் புதிதாக எதையும் செய்ய வேண்டாம். இருக்கும் கூட்டத்துக்குத் தண்ணீர், கழிப்பறை, வழிகாட்டுப் பலகை, காணாமற்போன குழந்தைகளுக்கு ஒரு பந்தல் போதும். உத்தரகோசமங்கை ஆருத்ரா தரிசனம், ஏர்வாடி சந்தனக்கூடு, ஓரியூர் அருளானந்தர் திருத்தலத் திருவிழா, ரமலான் இரவுகள் எல்லாம் தாளில் ஏற வேண்டும். இங்கே மூன்று மதத்தாரின் நாட்காட்டியும் ஒரே தெருவில் ஓடுகிறது. ஒன்றை விட்டுவிட்டு நாள் குறித்தீர்களானால், விடுபட்டவர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார்கள், காரணமும் சொல்லமாட்டார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் வளைகுடாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்களின் காலத்தையும் சேருங்கள். தீவில் ரயில் நேரம் முக்கியம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றபின் இராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2025 ஏப்ரல் 6-இல் செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் திறக்கப்பட்டது. டீக்கடை அடுப்பு எரியும் நேரம்கூட அதோடு மாறிவிட்டது. பழைய நினைவை வைத்து எழுதாமல், இன்றைய நேரத்தைக் கடைக்காரர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

தாள் நிரம்பியதும் எழுதாத இடங்கள் கண்ணில் படும். அவைதான் உங்களுக்குரிய நாட்கள்.

மூன்றாம் படி: நின்று பாருங்கள், எண்ணுங்கள்

கருத்துக் கேட்பதற்கு முன் கண்ணால் பார்ப்பது நல்லது. ஒரு வேலை நாள், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு என மூன்று நாட்கள், காலை 6 மணி முதல் இரவு 9 மணி வரை, மணிக்கு ஒரு தடவை பத்து நிமிடம் எண்ணுங்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை இருவர் இருவராக அமர்த்தினால் அழகாகச் செய்வார்கள். கடந்து போகிறவர்களைவிட நிற்கிறவர்களையும் உட்கார்ந்திருப்பவர்களையும்தான் எண்ண வேண்டும். அதில் பெண்கள் எத்தனை, குழந்தைகள் எத்தனை, வயதானவர்கள் எத்தனை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

பெண்களின் எண்ணிக்கையை நான் மற்ற எதையும்விடப் பெரிதாக மதிக்கிறேன். ஒரு கடைத்தெருவில் மாலை 7 மணிக்குப் பெண்கள் நின்று பேசிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம், பாதுகாப்பு, கழிப்பறை மூன்றும் ஓரளவு சரியாக இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் இல்லையென்றால் வேறு எந்த அலங்காரமும் பயன்படாது. "இங்கே எத்தனை மணிக்கு மேல் நிற்கமாட்டீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். பொதுவான ஆயிரம் கேள்விகளைவிட இது அதிகம் சொல்லும். டாஸ்மாக், எரியாத தெருவிளக்கு, நாய், கழிப்பறை என்று பதில் உடனே வரும்.

வெயிலையும் எழுதுங்கள். எந்தச் சுவரின் நிழல் எத்தனை மணிக்கு எங்கே விழுகிறது என்று குறித்தால், இருக்கை எங்கே போடுவது என்ற கேள்விக்குத் தானாக விடை கிடைக்கும்.

நான்காம் படி: வராதவர்களைத் தேடிப் போங்கள்

கூட்டம் என்று அறிவித்தால் வருவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். வணிகர் சங்க நிர்வாகிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கட்சிக்காரர்கள் வருவார்கள். அவர்கள் வேண்டும்தான். மீன் விற்கும் பெண்கள் அந்த நேரத்தில் கூடையைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்களுக்கு வேலை நேரத்தைக் கடல்தான் சொல்லும். ஆட்டோ ஓட்டுநர் சவாரியை விட்டுவிட்டு வரமாட்டார். ஆகவே அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போங்கள்.

வரிசை ஒன்று சொல்கிறேன். முதலில் தெருவோர வியாபாரிகள். எதை மாற்றினாலும் முதலில் அடிபடுவது அவர்கள்தான். அடுத்து மீன் விற்கும் பெண்கள், காலை ஏலம் முடிந்தபின். பிறகு சுய உதவிக் குழுக்கள். பிறகு ஆட்டோ ஸ்டாண்ட். பள்ளிக்கூடம். அதன்பிறகுதான் ஜமாத், பங்குத்தந்தை, கோயில் நிர்வாகம், மீனவர் சங்கத் தலைவர்கள், வணிகர் சங்கம். தலைவர்களிடம் முதலில் போய்விட்டால் மற்றவர்கள் "அவங்க சொன்னதுதான் சரி" என்று நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் தலைவர்களுக்குத் தெரியாமல் செய்கிறீர்கள் என்ற பேச்சும் வரக்கூடாது. முதல் நாளே ஒரு மரியாதைக்குப் போய், "அண்ணே, இப்படிக் கேட்டு எழுதப்போகிறோம், முடிந்ததும் உங்களிடம்தான் கொண்டு வருவோம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

பெண்களுக்கான கூட்டத்தைத் தனியாக, பெண்களே நடத்தட்டும். கீழக்கரையில் ஒரு வீட்டு முற்றத்தில் நடக்கும் பேச்சில் கிடைப்பது பொது மண்டபத்துக் கூட்டத்தில் ஒருபோதும் கிடைக்காது. எல்லோரும் சேரும் கூட்டத்துக்கு எந்த மதத்தின் கட்டடமும் வேண்டாம். பள்ளி மைதானம், நூலகம், மீன் ஏலக்கூடம் நல்லவை.

செய்தி சொல்ல வாட்ஸ்அப் போதும் என்று நினைக்கிறோம். எழுத்தைவிடக் குரல் இந்தக் கரையில் எடுபடும். பாம்பனில் 90.4 அலைவரிசையில் மீனவர்களுக்காகவே இயங்கும் கடல் ஓசை என்ற சமுதாய வானொலி இருக்கிறது. அதைக் கேட்கும் பகுதியில் வேலை செய்கிறீர்கள் என்றால், அறிவிப்போடு நிற்காமல் ஒரு கேள்வி நிகழ்ச்சிக்கே நேரம் கேளுங்கள்.

கேட்டுவிட்டு முடிவை நீங்களே எடுக்காதீர்கள். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பகுதியை மக்களே தீர்மானிக்கும் முறையைத் தொடங்கியது. அதைச் சிறிய அளவில் செய்யலாம். ஐந்து யோசனைகளை ஐந்து பானைகளில் எழுதி வைத்து ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் வாக்களிப்பார். எண்ணுவதை எல்லோரும் பார்ப்பார்கள்.

ஐந்தாம் படி: சிறியதாக, திரும்ப எடுக்கக்கூடியதாகச் சோதியுங்கள்

இந்தக் கரைக்குப் பொருந்தும் என்று நான் நம்பும் யோசனைகள் சில. எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். பானையில் எது வென்றதோ அது மட்டும்.

நேரப் பங்கீடு என்பது எனக்கு மிகவும் பிடித்தது. அகமதாபாத்தின் மானெக் சௌக் காலையில் காய்கறிச் சந்தை, பகலில் நகைக்கடை வீதி, இரவில் சாப்பாட்டுத் தெரு. ஒரே இடம், மூன்று வேளை, மூன்று தரப்புக்குப் பிழைப்பு. நம் ஊர்களில் மீன் ஏலக்கூடம் காலையில் அலறும், மாலையில் காற்று வாங்கும். நல்ல கூரை, சிமெண்ட் தளம், தண்ணீர் வடிகால் எல்லாம் அங்கே உண்டு. மாலை 5 மணிக்கு மேல் பிள்ளைகள் படிக்கவும் கேரம் ஆடவும் பெண்கள் பலகாரம் விற்கவும் அதைக் கேளுங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று. ஏலம் முடிந்ததும் உப்புத் தண்ணீரால் அலசி, பிறகு நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ ஒரு ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். மீன் நாற்றம் தங்கினால் யாரும் உட்காரமாட்டார்கள். அந்தக் கூலியை மாலைக் கடைக்காரர்கள் பகிர்ந்துகொள்வதுதான் நியாயம்.

பெண்களின் பலகாரத் தெரு இன்னொன்று. அல்வா போன்ற இனிப்பான கீழக்கரைத் தொதல் ஊர் எல்லையைத் தாண்டியும் பெயர் பெற்றது. வட்டலப்பமும் நெய்ச்சோறும் வீடுகளில் செய்வதற்குக் கடைச் சாப்பாடு நிகராகாது. இவை பெரும்பாலும் ஆர்டரின் பேரில் வீட்டோடு நிற்கின்றன. மாதம் ஒரு மாலை, வண்டி நுழையாத ஒரு சந்தில், பெண்கள் மட்டும் விற்கும் மேசைகள் போடுங்கள். விற்க வெளியே வர விரும்பாதவருக்கு ஒரு கூட்டுமேசை. பெயர் ஒட்டிய பாத்திரத்தைக் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் விற்றுத் தருவார்கள்.

தடைக்காலச் சந்தை: மே மாதத்தில் மூன்று வார இறுதிகளில் மீனவக் குடும்பங்கள் கருவாடு, மீன் ஊறுகாய், சங்கு வேலை விற்கட்டும். சாயல்குடி, கடலாடிப் பக்கத்துப் பனங்கருப்பட்டியும் ஓலைப்பெட்டியும் வரட்டும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு ஒரு மேசை நிச்சயம் வேண்டும். வலை பின்னுவதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பெரியவருக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். அவருடைய திறமை காட்சிப் பொருளாகிவிடாமல் வேலையாகவே நிற்க வேண்டும்.

ஊர் நடை: இராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி காலத்து இராமலிங்க விலாசம் இருக்கிறது, அதன் சுவரோவியங்களைப் பார்க்காமலே அரண்மனை வாசலில் காய்கறி வாங்கிப் போகும் உள்ளூர்க்காரர்கள் நிறைய. கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் சிற்பியின் கை தெரியும். வள்ளல் சீதக்காதியின் ஊர் அது. சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று கரையிறங்கியது பாம்பனில். அவர் அமெரிக்கா போகத் துணைநின்றவர்களில் ஒருவர் இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி. அந்தந்த ஊரின் கதையை அந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளே வழிகாட்டும் நடையாகச் செய்தால் கடைத்தெருவில் நின்று குடிக்கும் டீக்கும் அர்த்தம் கூடும். பள்ளிவாசலுக்குள் போவதற்கு ஜமாத்திடம் முன்பே கேட்டு, தொழுகை நேரத்தைத் தவிர்த்து, உடைக் கட்டுப்பாட்டைச் சொல்லிவிடுங்கள்.

தனுஷ்கோடியை 1964 டிசம்பர் 22 இரவில் புயல் அழித்தது. அதைக் கண்ணால் கண்டு பிழைத்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள். அவர்கள் பேசுவதைப் பதிவு செய்ய, ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் நடுவில் ஒரு மாலை வையுங்கள். விற்பனை, மேடை நடனம் எதுவும் வேண்டாம். பாய் விரித்து உட்கார்ந்து கேட்டால் போதும்.

சுவரோவியம் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. சென்னை கண்ணகி நகரில் 2020-இல் அடுக்குமாடிச் சுவர்களில் வரைந்தது பேசப்பட்டது. இங்கே உப்புக்காற்றில் பெயிண்ட் சீக்கிரம் உரியும் என்பதால் இதை நான் கடைசியில்தான் வைப்பேன்.

இருக்கைக்கு இரும்பு வேண்டாம், அதே உப்புக்காற்றுதான் காரணம். பனைமரத் தண்டு, கருங்கல், மூங்கில் நல்லவை. நிழலுக்குத் தென்னங்கீற்று அல்லது பனையோலை போடுங்கள்; பழைய பாய்மரத் துணி கிடைத்தால் அதுவும் ஆகும். காற்று ஊடுருவிப் போகட்டும். தகரம் வேண்டவே வேண்டாம்.

முதல் சோதனை மூன்று மணி நேரம் போதும். அடுத்த மாதமும் அதே கிழமை, அதே நேரம். ஒருமுறை பெரிதாக நடத்துவதைவிட ஆறுமுறை சிறிதாக நடத்தினால்தான் மக்களுக்குப் பழக்கமாகும்.

ஆறாம் படி: அனுமதிகள்

தெருவோர வியாபாரிகளுக்காக 2014-இல் மத்தியச் சட்டம் வந்தது. அதன்படி நகராட்சியிலும் பேரூராட்சியிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் பிரதிநிதிகள். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கணக்கெடுப்பு நடத்திச் சான்று கொடுக்கும்வரை ஏற்கெனவே கடை போட்டிருப்பவரை அகற்றக்கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. "தெருவை அழகாக்குகிறோம்" என்ற பெயரில் அவர்களைத் துரத்தும் திட்டம் எதற்கும் துணைபோகாதீர்கள். அவர்களுக்குச் சான்று கிடைக்க உதவுவதையே உங்கள் முதல் வேலையாக வைத்துக்கொள்ளலாம். 2020-இல் தொடங்கிய பிஎம் ஸ்வநிதி கடனுக்கும் அதுதான் கதவு.

உணவு விற்பவர் எவரானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சிறு விற்பனையாளருக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். பத்துப் பெண்களுக்கு ஒரே நாளில் உட்கார்ந்து இணையத்தில் போட்டுக்கொடுத்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்குக் காவல்துறையின் எழுத்து அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் கூடாது. தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை. வாழையிலையும் பனையோலைத் தொன்னையும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

கடற்கரையில் செய்கிறீர்கள் என்றால் கூடுதல் கவனம். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருப்பதால் மணலில் நிரந்தரக் கட்டுமானம் எதையும் யோசிக்காதீர்கள். 1986-இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளுக்கும் வனத்துறை அனுமதியின்றி யாரையும் அழைத்துப் போகக்கூடாது. தை முதல் பங்குனி வரை தனுஷ்கோடிப் பக்கம் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களில் இரவில் கரையில் விளக்கும் பாட்டும் வேண்டாம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துக் கடலுக்குப் போகாமல் சாலைக்கு வந்துவிடும். இயற்கையையும் பிழைப்பையும் சேர்த்து நடத்த முடியும் என்பதற்கு, தொண்டிக்குப் பக்கத்துக் காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகுச் சவாரியைப் போய்ப் பாருங்கள்.

ஏழாம் படி: பணம்

1970-இல் டொரொண்டோவின் புளூர் வெஸ்ட் பகுதிக் கடைக்காரர்கள், சுரங்க ரயிலும் பெரிய வணிக வளாகங்களும் தங்கள் வாடிக்கையாளர்களைக் கொண்டுபோவதைப் பார்த்து, எல்லாக் கடைக்கும் ஒரு சிறு வரி போட்டு அந்தப் பணத்தில் தெருவைத் தாங்களே பராமரிக்க முன்வந்தார்கள். வணிக மேம்பாட்டு வட்டாரம் என்று உலகெங்கும் பரவியிருக்கும் முறைக்கு அதுதான் தொடக்கம். நமக்கு அப்படி ஒரு சட்டம் தேவையில்லை. கடைத்தெருவில் கடைக்கு மாதம் ஒரு சிறு தொகை என்று வணிகர் சங்கமே வசூலித்து, துப்புரவுக்கும் விளக்குக்கும் மட்டும் செலவிட்டால் போதும். தள்ளுவண்டிக்காரரிடம் பெரிய கடைக்காரரிடம் வாங்கும் அதே தொகையைக் கேட்காதீர்கள்.

நிரந்தர வேலைகளுக்கு, மக்கள் ஒரு பங்கைத் தந்தால் மீதியை அரசு சேர்த்துத் தரும் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. கழிப்பறை, பூங்கா, விளக்கு போன்றவற்றுக்கு உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள் தர விரும்புவார்கள். அவர்களிடம் மேடைக்கோ வளைவுக்கோ வாங்காமல் கழிப்பறைக்கும் அதைக் கழுவுகிறவரின் ஓராண்டுச் சம்பளத்துக்கும் வாங்குங்கள். கட்டித் தர ஆள் கிடைப்பார்கள், பராமரிக்கத்தான் கிடைக்கமாட்டார்கள்.

கணக்கை மாதா மாதம் டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். யாரும் கேட்காவிட்டாலும் ஒட்டுங்கள்.

எட்டாம் படி: மறுபடி எண்ணி, விட வேண்டியதை விடுங்கள்

ஆறு மாதம் கழித்து மூன்றாம் படியில் செய்த அதே எண்ணிக்கையை, அதே கிழமைகளில், அதே இடத்தில் நின்று செய்யுங்கள். நிகழ்ச்சி நாளில் எண்ணாதீர்கள். நிகழ்ச்சி இல்லாத நாளில் எண்ணுவதுதான் உண்மையைச் சொல்லும். சாதாரணச் செவ்வாய்க்கிழமை மாலையில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், பிள்ளைகளின் எண்ணிக்கை கூடியிருந்தால் வேலை பலித்திருக்கிறது. தெருவோர வியாபாரிகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால், எத்தனை கூட்டம் வந்தாலும் ஏதோ தவறாகப் போயிருக்கிறது என்று பொருள். நிறுத்தி, அவர்களிடம் முதலில் பேசுங்கள். வாடகை ஏறியிருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இடம் பிரபலமாகி, பழைய டீக்கடை காலி செய்யப்பட்டு, அங்கே வெளியூர் முதலாளியின் கடை வந்தால் ஊருக்கு நட்டம்தான்.

எடுபடாத நிகழ்ச்சியை மூன்றாம் தடவைக்கு மேல் இழுக்காதீர்கள். எடுபட்டதை நிரந்தரமாக்குங்கள். நாற்காலி போட்ட இடத்தில் கல் திண்ணை, ஓலைப் பந்தல் இருந்த இடத்தில் வேம்பு, புங்கை, பூவரசு. கன்றுக்கு முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றுபவர் பெயரை எழுதிவைத்துவிட்டுத்தான் குழி தோண்ட வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர் ஆண்டுக்கு ஒருமுறை மாறட்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒரே தெருவிலிருந்தோ ஒரே சமூகத்திலிருந்தோ வரக்கூடாது என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். புதியவரிடம் ஒப்படைக்க வேண்டியவை: எண்ணிக்கை நோட்டு, நாட்காட்டித் தாள், அனுமதிக் கடிதங்களின் நகல், கணக்குப் புத்தகம், மீன் ஏலக்கூடக் குழாயின் சாவி.